கடல்பக்கத்து ஆள்

அந்த வருடத் தவக்காலத்தில் செல்வநாதனுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று ராயப்பர் கோயில் பக்கம் ஒரு பேச்சு கிளம்பியது. பூசையில் மற்றவர்கள் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சிலுவை போட்டார்கள். இவன் மட்டும் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தலையை மடக்கி, நெற்றியைக் கைக்குக் கொண்டுவந்தான். பின்வரிசையில் இருந்த பெண்டுகளுக்கு அதைப் பார்த்துக் கண் கலங்கியது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஆளுக்கு இத்தனை தாழ்மையா என்று உபதேசியார் அவனை வாசலில் நிறுத்தித் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவர் தட்டியது வலது தோளை. செல்வநாதனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தோத்திரம் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

விஷயம் தெரிந்தவள் அவன் பெண்சாதி சிலுவையம்மாள் ஒருத்திதான். காலையில் சட்டையை மாட்டிவிடுகிறவள் அவள். முதுகு தேய்த்துவிடுகிறவளும் அவள். வலது கை நெஞ்சுக்கு மேலே ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து நின்றுவிட்டது. ஏற்றினால் தோளுக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். படுத்தால் அந்தப் பக்கம் புரள முடியாது.

செல்வநாதன் கோதுமைக் கொட்டகையில் தூக்கிவிடுகிற ஆள். கப்பல் கப்பலாக அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கிய காலம் அது. சாக்கில் பிடித்துத் தைத்துப்போட்ட மூட்டைகளைச் சுமக்கிறவர்கள் ஒருவன் பின்னால் ஒருவனாக வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். மூட்டைக்கு இந்தக் கோடியில் ஒருவன், அந்தக் கோடியில் ஒருவன். இரண்டு பேரும் சாக்கின் காதைப் பிடித்து ஒரே வீச்சில் தூக்கி முதுகில் ஏற்றிவிட வேண்டும். சுமக்கிறவன் கூட்ஸ் வண்டியைப் பார்த்து நடந்ததும் அடுத்த முதுகு வந்து நிற்கும். விடிந்தால் தொடங்கி, சங்கு ஊதும்வரை இதே வேலை.

தூக்கிவிடுகிற இரண்டு பேருக்கும் ஜோடி என்று பேர். கடலுக்கு முதுகைக் கொடுத்து நிற்கிறவன் கடல்பக்கத்து ஆள். ஊருக்கு முதுகைக் கொடுத்து நிற்கிறவன் கரைப்பக்கத்து ஆள். செல்வநாதன் கடல்பக்கம், கொருக்குப்பேட்டை ஜெயவேல் கரைப்பக்கம். மீசை முளைத்த காலத்தில் சேர்ந்தார்கள். மீசை நரைத்தும் நிற்கிற இடம் மாறவில்லை.

மாறவும் கூடாது. ஜோடியில் ஒருவன் செத்துப்போனால் மிச்சமிருக்கிறவன் மறுநாள் காலையில் செத்தவனுடைய பக்கத்தில் போய் நின்று முதல் மூட்டையைத் தூக்குவான். சுமக்கிறவர்கள் தலையில் போட்ட கோணியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். செத்தவனுக்கு அவர்கள் செய்கிற மரியாதை அவ்வளவுதான். அதற்குப் பிறகு மிச்சமிருக்கிறவன் தன் பக்கத்துக்குத் திரும்பிவந்து புது ஆளோடு சேர்ந்துகொள்வான். அந்த ஒரு காரியத்தைத் தவிர வேறு எதற்கும் யாரும் பக்கம் மாறி நின்றதைக் கொட்டகை கண்டதில்லை.

கை முடங்க ஆரம்பித்தபோது செல்வநாதன் வழக்கமான வைத்தியமெல்லாம் பார்த்தான். விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்தான். மணலை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தான். கல்மண்டபத்தில் சுளுக்கு எடுக்கிற ஒருவர் தோளைப் பிடித்துத் திருகின திருகலில் மறுநாள் சோற்றைப் பிசைய இடது கையைத் தேடவேண்டி வந்தது. கடைசியில் கொட்டகையிலேயே குட்டு உடைந்தது. மூட்டை பாதியில் நழுவி, சுமக்கிறவனுடைய குதிகாலுக்குப் பக்கத்தில் விழுந்து வெடித்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மேஸ்திரி அமீருதீன் பார்த்துவிட்டார்.

அமீருதீன் கெட்ட மனுஷர் இல்லை. செல்வநாதனை வீட்டுக்குப் போகச் சொல்லாமல், சிந்தின கோதுமையைக் கூட்டி அள்ளுகிற வேலைக்கு மாற்றினார். சுமக்கிற ஆட்களில் தாவூது என்கிற வாலிபனை ஜெயவேலோடு நிறுத்தினார். பிறகு செல்வநாதனைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் ஈஸ்டர் முடியட்டும், அதுவரைக்கும் பார்க்கிறேன், அதற்கு மேலும் கை ஏறவில்லை என்றால் தாவூதுதான் ஜெயவேலுக்கு ஜோடி என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. ஜோடி இல்லாமல் கொட்டகை ஓடாது.

துடைப்பத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு செல்வநாதன் கூட்டினான். எதிரே ஜெயவேலும் தாவூதும் தூக்குகிற சத்தம் கேட்கும். ஒரு கோடி முன்னே எழும், மறு கோடி பின்னே எழும். தாளம் தப்பின பஜனை மாதிரி இருந்தது. அதைக் கேட்கக் கேட்கத் தோளைவிட நெஞ்சுதான் அதிகமாக வலித்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இழுத்துக்கொண்டு போனவள் சிலுவையம்மாள். டாக்டர் கையை அசைத்துப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், எலும்பில் ஒன்றுமில்லை என்றார். பின்கட்டில் ஓர் அறைக்கு அனுப்பினார். அந்த அறைக்கு ஏதோ நீளமான இங்கிலீஷ் பேர் உண்டு. வருகிறவர்கள் அதைக் கயிறு ரூம் என்றுதான் சொல்வார்கள். மேலே உத்தரத்தில் ஒரு கப்பி, அதில் ஒரு கயிறு, இரண்டு முனையிலும் மரப்பிடி. சுவரில் ஒரு சக்கரம். மூலையில் உருக்கின மெழுகு வைத்த தொட்டி, சிவப்பு விளக்கு ஒன்று. ஒருவர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தார். இன்னொரு அம்மாள் சுவரில் விரலால் ஏறிக்கொண்டிருந்தாள். மருந்து வாசனையே இல்லை. செல்வநாதனுக்கு மனசு விட்டுப்போயிற்று.

அறையைப் பார்த்துக்கொண்டவள் ஹில்டா. மூக்குக்கண்ணாடி போட்ட, காய்ந்த குரல் கொண்ட மனுஷி. கல்மண்டபத்து ரயில்வேக்காரர் மகள். மற்ற உத்தியோகஸ்தர்களிடம் புஸ்தகத் தமிழ் பேசினாலும் கயிறு ரூமுக்குள் வந்துவிட்டால் ஊர்ப் பேச்சுதான்.

"ஒரு ஊசி போட்டு வுட்டீங்கன்னா நான் போய்க்கினே இருப்பேன் சிஸ்டர்" என்றான் செல்வநாதன்.

"இங்க ஊசி கெடையாது நைனா. கயிறுதான் கீது."

அவள் தோளை எல்லாப் பக்கமும் அசைத்துப் பார்த்தாள். எங்கே நிற்கிறது, எங்கே நோகிறது என்று கேட்டாள். நோகிறது என்று கையை ஆட்டாமல் வைத்தால் தோள் இறுகிப்போகும், இறுகினால் இன்னும் நோகும், இப்படியே அது தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் என்று விளக்கினாள். முதலில் வெந்நீர்த் துணி போட்டு இளக்க வேண்டும். பிறகு குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு, மாடு வால் ஆட்டுகிற மாதிரி ஆட்ட வேண்டும். பிறகு சுவரில் விரல் ஏற்றம். அதற்கு அப்புறம் கயிறு. தினமும் வீட்டில் இரண்டு வேளை. கயிற்றை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, மெழுகுத் தொட்டியண்டை யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. கயிற்றைப் பார்த்ததும் செல்வநாதனுக்கு உடம்பே விழித்துக்கொண்டது. கயிறு என்றால் இழுக்கிறதுதானே. நோயாளிக் கைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறார்கள் என்று அவனாக முடிவு கட்டிக்கொண்டான். இடது கையை இரும்பு மாதிரி விறைத்துக்கொண்டு, வலது கையால் இழு இழு என்று இழுத்தான். கண்ணில் பொறி பறந்தது. வேர்த்துக் கொட்டியது. அவனுக்கு அதில் ஒரு திருப்தி. துறைமுகத்தில் நோகாத வேலையை யாரும் வேலை என்று சொல்வதில்லை. வீட்டுக்குப் போய் உத்தரத்தில் கயிறு போட்டு, மறுமுனையில் தண்ணீர் வாளியைக் கட்டி, அதையும் நோகிற கையாலேயே இழுத்தான். சிலுவையம்மாள் பயந்துபோய்க் கேட்டதற்கு, ஆஸ்பத்திரி வைத்தியம் பேசாதே என்று அடக்கினான்.

அடுத்த தடவை போனபோது கை நெஞ்சுக்குக்கூட வரவில்லை. ஹில்டா தொட்டதும் துள்ளிவிட்டான். என்ன செய்தாய் என்று கேட்டாள். இவன் வாளி உள்பட எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னான். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"இன்னா நைனா, கப்பல் நங்கூரத்தையா இஸ்துகினு இருந்தே? நோவுற கை இஸ்க்கக் கூடாது. நல்ல கை இஸ்க்கும், இது சும்மா மேல போவும். இது சவாரி. நல்ல கைதான் ரிக்‌ஷாக்காரன். சவாரி எறங்கி வண்டி இஸ்தா தெருவே சிரிக்காது?"

"சும்மா குந்திகினு போற கைக்கு எப்டி சிஸ்டர் கொணமாவும்?"

"ஆவும். செஞ்சிப் பாரு."

அவள் மரப்பிடியை வலது கையில் வைத்து, விரல்களைத் தளர்த்திவிட்டாள். இடது கையால் மெல்லக் கீழே இழுக்கச் சொன்னாள். இடது இறங்க வலது ஏற வேண்டும். கேட்பதற்கு லேசு. செய்யப்போனால் வலது கை தானாகவே முறுக்கிக்கொண்டது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கை சும்மா இருந்தது இல்லை. எதையாவது பிடித்தால் இழுத்தது, தூக்கினால் வீசியது. இன்னொருத்தர் தூக்கிக்கொண்டு போக, தான் பேசாமல் போகிறது என்கிற சங்கதி அதற்குத் தெரியாது. மூட்டை தூக்கக் கற்றுக்கொண்டபோதுகூட செல்வநாதன் இத்தனை பாடு பட்டதில்லை. அடிக்கடி ஹில்டா வந்து, விரலால் அவன் முழங்கையைத் தட்டி, சவாரி எறங்கிடுச்சி, ஏறச் சொல்லு என்பாள்.

ஒருநாள், என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, கை சும்மா இருந்தது. இடது கை இழுக்க, வலது கை குழந்தை மாதிரி மேலே போயிற்று. மூக்கு வரைக்கும். நோவு வந்த இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, இறக்கினான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் வீட்டில் ஒரே வேடிக்கைதான். காலையில் சிலுவையம்மாள் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து தோளில் போடுவாள். அது ஆறினதும் இவன் சுவருக்கு எதிரே நின்று விரலை ஒவ்வொன்றாக மேலே நடத்துவான். எட்டின இடத்தில் அவள் அடுப்புக்கரியால் ஒரு கோடு போடுவாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப்பார்த்து, உன் வீட்டுக்காரர் சுவத்துல நண்டு வுடறாரா என்று கேலி பண்ணுவார்கள். நண்டு மெதுவாக ஏறிற்று. சில நாள் ஏறவே ஏறாது, சில நாள் ஒரு விரல்கடை கீழேகூட இறங்கிவிடும். சிலுவையம்மாள் அதற்குக் கோடு போட மாட்டாள். வேளாங்கண்ணி மாதா படத்தின் கீழ்ச்சட்டத்தைக் கரிக்கோடு தொட்ட அன்று அவள் கேழ்வரகு அடை சுட்டாள். 

கொட்டகையில் ஜெயவேல் தினமும் காலையில் இவனைப் பார்த்து மோவாயைத் தூக்குவான். ஏறிச்சா என்று அர்த்தம். இவன் கையை ஏறின மட்டும் ஏற்றிக் காட்டுவான். ஜெயவேல் தலையை ஆட்டிவிட்டுத் தன் கோடிக்குப் போவான். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. இத்தனை வருஷமும் மூட்டைக்கு மேலே பேசிப் பேசி, வாய்க்கு மிச்சமில்லாமல் போயிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு நெருங்கும்போது ஹில்டா ஒரு காரியம் செய்தாள். வேலையில் எப்படி நிற்பாய், காட்டு என்றாள். ஒரு தலையணையைக் கொடுத்து, மறுகோடியைப் பிடிக்க ஆஸ்பத்திரி ஆயாவைக் கூப்பிட்டாள். செல்வநாதன் கூச்சத்தோடு நின்று காட்டினான். தலையணை என்பதால் ஆயா பறந்துபோகப் பார்த்தாள். ஹில்டா இரண்டு மூன்று தடவை தூக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு முழங்காலை மடக்கித் தூக்கு, மூட்டையை உடம்போடு ஒட்டி வை, இடுப்பைத் திருகாதே, காலைத் திருப்பு என்று ஒவ்வொன்றாகத் திருத்தினாள். அதெல்லாம் அவனுக்குச் சம்மதம்தான். கடைசியில் சொன்னதுதான் இடித்தது. கடல்பக்கத்தில் நின்றால் சுமக்கிறவன் எப்போதும் உன் வலப்பக்கம். மூட்டை எழும்பும்போது வலது கைதான் உச்சிக்குப் போகிறது. வருஷம் முழுக்க ஒரே தோள் பாரத்தைத் தின்கிறது. கை குணமாகிவிடும், ஆனால் நீ அதே பக்கத்தில் நின்றால் மறுபடியும் என்னிடம்தான் வருவாய். பாதி நாள் இந்தப் பக்கம், பாதி நாள் அந்தப் பக்கம் நில் என்றாள்.

செல்வநாதன் தலையணையைக் கட்டில்மேல் வைத்தான். பக்கம் மாறி நிற்பது எதற்கு மட்டும் உண்டு என்று அவளுக்குச் சொன்னான். ஹில்டா கேட்டுக்கொண்டாள், சிரிக்கவில்லை. உன் தோஸ்துகிட்ட சொல்லிப்பாரு என்று மட்டும் சொன்னாள்.

சொல்வதற்கு அவனுக்குத் தைரியம் வரச் சில நாள் பிடித்தது. கல்மண்டபத்து டீக்கடையில் வைத்துச் சொன்னான். ஜெயவேல் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான்.

"இன்னா மாமு சொல்ற? நான் உசிரோட கீறேன். நீயும் கீற. யாருக்காவ மாறி நிக்கணும்?"

கைக்காக என்று இவன் சொல்ல வந்தான். ஜெயவேல் அதைக் கேட்கவில்லை. நான் செத்தப்புறம் நீ நிக்க வேண்டிய எடம் அது, அதுல இப்பவே நின்னு பழகப் பாக்கிறியா என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டு, மிச்ச டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனான். மறுநாள் காலையில் அவன் மோவாய் எழும்பவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

செல்வநாதனுக்கு அந்த நாட்கள்தான் கஷ்டமாக இருந்தன. கை நெற்றியைத் தாண்டிவிட்டது. ஆனால் எந்த இடத்துக்குத் திரும்பிப்போக அந்தக் கையை வளர்த்தானோ, அந்த இடத்தில் நின்றால் கை மறுபடி போய்விடும். நிற்காவிட்டால் ஜெயவேல் போய்விடுவான். கூட்டின கோதுமையையே திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தான்.

அப்படிக் கூட்டும்போதுதான் ஜெயவேலின் பீடி கண்ணில் பட்டது. ஜெயவேல் எப்போதும் இடது காதில் ஒரு பீடி சொருகியிருப்பான். வேலைக்கு நடுவே மூச்சு வாங்குகிறபோது, பார்க்காமலே இடது கையால் அதை எடுப்பான். அந்தப் பீடி இப்போது வலது காதில் இருந்தது. செல்வநாதன் துடைப்பத்தை நிறுத்திப் பார்த்தான். வேர்வையைத் துடைப்பதும் வலது கையால். குழாயடியில் தலையில் தண்ணீர் விட்டுக்கொள்வதும் வலது கையால். மூட்டை எழும்பும்போது பின்தங்கின கோடி எது என்று கவனித்தான். தாவூதுடைய கோடி இல்லை. கரைப்பக்கத்துக் கோடி. தாளம் தப்பினது அந்தப் பையனால் இல்லை.

கரைப்பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சுமக்கிறவன் இடப்பக்கம். உச்சிக்குப் போவது இடது கை. ஹில்டா சொன்னதைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்த மாதிரி அவனுக்கு விளங்கிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் ஜெயவேலைக் குழாயடியில் பிடித்தான். ஒன்றும் கேட்காமல், தன் வலது கையை நேரே மேலே தூக்கிக் காட்டினான்.

"இத்த மாதிரி உன் இடது கைய தூக்கு, பாக்கலாம்."

ஜெயவேல் சுற்றும் முற்றும் பார்த்தான். மேஸ்திரி தூரத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ஜெயவேல் இடது கையைத் தூக்கினான். அது நெஞ்சைத் தாண்டிக் கொஞ்சம் ஏறி நின்றது. மிச்சத்தை ஈடுகட்ட அவன் தலை தானாகத் தாழ்ந்தது. அதே கும்பிடு. தவக்காலம் பூராவும் கோயிலில் செல்வநாதன் போட்ட அதே கும்பிடு.

"உனுக்கும் பக்தி வந்துட்ச்சா?" என்றான் செல்வநாதன்.

ஜெயவேலுக்குக் கோபம் வரப் பார்த்தது. ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. குழாய்த் திட்டில் குந்திக்கொண்டு, பொங்கலுக்கு முன்னாடியிலிருந்தே இப்படித்தான் என்று ஒத்துக்கொண்டான். இரண்டு பேரும் கூட்ட வந்துவிட்டால் யார் தூக்குவது என்று பயந்து சொல்லவில்லையாம். நீ திரும்பி வருகிறவரை பல்லைக் கடிக்கலாம் என்று இருந்தேன் என்றான். செல்வநாதன் அவன் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

ஜெயவேல்தான் முதலில் கேட்டான்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மாறினா, யாரு செத்ததுன்னு கணக்கு?"

"நானும் அத்தத்தான் யோசிச்சுகினு கீறேன்."

மறுநாள் இரண்டு பேரும் கயிறு ரூமுக்குப் போனார்கள். ஹில்டா ஜெயவேலின் தோளை அசைத்துப் பார்த்து, இது ஆரம்பம்தான், சீக்கிரம் வந்தது நல்லதாயிற்று என்றாள். ஜெயவேல் கயிற்றைப் பிடித்ததும், பிடித்தவுடனே, நோகிற கையால் இழுத்தான். செல்வநாதன் அவன் முழங்கையைத் தட்டி, சவாரி எறங்கிட்சி பார் என்றான். ஹில்டா கண்ணாடிக்கு மேலே பார்த்துவிட்டு மெழுகுத் தொட்டிப் பக்கம் போனாள். வேலைக்குத் திரும்புவதானால் முதலில் மதியம் வரைக்கும் மட்டும் தூக்க வேண்டும், இரண்டு பேருடைய நோகிற தோளும் தாழ்ந்து நிற்கிற மாதிரி பக்கம் மாறித்தான் நிற்க வேண்டும் என்று கறாராகச் சொல்லி அனுப்பினாள்.

ஈஸ்டர் பூசையில் செல்வநாதன் நிமிர்ந்து நின்று, கையை நெற்றிக்குக் கொண்டுபோய், முழுச் சிலுவை போட்டான். பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்டது. தவக்காலம் முடிந்ததும் பக்தியும் முடிந்துவிட்டது பார், தலை எப்படி நிமிர்ந்துவிட்டது என்றார்களாம். சிலுவையம்மாள் வீடு வந்து சேரும்வரை முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் கொட்டகையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. செல்வநாதன் கை ஏறினதை மேஸ்திரி பார்த்து ஒத்துக்கொண்டதால் தாவூது தன் பழைய வேலைக்கே சந்தோஷமாகத் திரும்பி, கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக நின்றான். ஜெயவேல் நடந்துபோய்க் கடல்பக்கத்தில் நின்றான். செல்வநாதன் கரைப்பக்கத்தில் நின்றான்.

 பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையிலிருந்த கோணியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். தாவூதும் எடுத்துவிட்டு மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.

"யாரு பூட்டாங்க?" என்று கேட்டான்.

அமீருதீன் கையிலிருந்த வெற்றிலையோடு ஓடிவந்தார். இவனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். இரண்டு பேரும் உயிரோடுதான் நின்றார்கள். செல்வநாதன் அவரிடம் விஷயத்தைச் சொன்னான். ஒரே பக்கத்தில் நின்று நின்று இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு தோள் கெட்டுப்போன கதை, இப்படி மாறி நின்றால் இரண்டு பேரும் தூக்க முடியும் என்பது, மாறாவிட்டால் இரண்டு பேருமே துடைப்பம் பிடிக்க வேண்டும் என்பது. ஜெயவேல் தன் பங்குக்கு இடது கையைத் தூக்கி, அது நிற்கிற இடத்தைக் காட்டினான். இத்தனை நாள் மறைத்ததை அத்தனை பேருக்கு எதிரே காட்ட அவனுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். காதெல்லாம் சிவந்துவிட்டது.

அமீருதீன் வெற்றிலையை வாயில் போட்டு மென்றார். சட்டம் பேசப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"நீ அவன் எடத்துல நிக்கிற, அவன் உன் எடத்துல நிக்கிறான். அப்டின்னா ரெண்டு பேரும் செத்துட்டீங்க. செத்தவன் மூட்ட தூக்கினா எனக்கு இன்னா நஷ்டம்? தூக்குங்கடா."

தாவூதுதான் முதலில் சிரித்தான். பிறகு வரிசை முழுக்கச் சிரிப்பு போயிற்று. கோணிகள் மறுபடி தலைக்கு ஏறின.

செல்வநாதன் சிலுவை போட்டுக்கொண்டு, முழங்காலை மடக்கிச் சாக்கின் காதைப் பிடித்தான். எத்தனையோ வருஷம் தூக்கின மூட்டை, புது மூட்டை மாதிரி இருந்தது. இடது கை தலைமை ஏற்கத் தெரியாமல் தடுமாறியது. முதல் மூட்டை கோணலாக ஏறி, தாவூதின் பிடரியில் உட்கார்ந்தது. செத்தவங்க தூக்கினா இப்டித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே அவன் தோளைக் குலுக்கிச் சரிசெய்துகொண்டு நடந்தான். அடுத்ததும் கோணல். அதற்கடுத்தது பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு கோடியும் ஒன்றாக எழும்புகிற சத்தம் கேட்டது. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு செல்வநாதன் ஏங்கின சத்தம் அதுதான்.

தோளில் நோவு இல்லாமல் இல்லை. ஆனால் அது பழைய ஆணி இல்லை. வேலை செய்த உடம்பில் இருக்கிற சாதாரண நோவு, ராத்திரி வெந்நீர்த் துணிக்கு அடங்குகிற நோவு.

மூச்சு வாங்க நின்றபோது செல்வநாதன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். எதிரே கொட்டகையின் திறந்த வாசல். அதற்கு அப்பால் கடல். வெளிச்சத்தில் கண் கூசியது. ஒரு கப்பல் புகையை விட்டுக்கொண்டு உள்ளே வரக் காத்திருந்தது. இரண்டு மூன்று கட்டுமரங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. கடல்பக்கத்து ஆளாக இருந்த அத்தனை வருஷமும் இந்தக் கடல் அவன் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

ஜெயவேலும் எதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் கொட்டகையின் உள்சுவர். காரை பெயர்ந்து, ஆள் உயரம் வரைக்கும் வெற்றிலைக் கறையாக இருந்தது. அதை மேலிருந்து கீழே வரை நிதானமாகப் பார்த்தான். வலது காதிலிருந்த பீடியை எடுத்தான்.

"இன்னா மாமு, இத்தினி வருசமா நீ பாத்துகினு இருந்தது இந்தச் செவுத்தத்தானா?"

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"உன் கையும் ஏறட்டும், பாதி நாள் இங்க வந்துடு" என்றான் செல்வநாதன். "நான் அங்க வர்றேன்."

அடுத்த முதுகு வந்து நின்றது. இரண்டு பேரும் முழங்காலை மடக்கினார்கள்.